அஞ்சுவதற்குக் காத்திருந்தோர்

ஒரு படைப்பு வருமுன்னரே அது இன்னதாகத்தான் இருக்கும் என முடிவு செய்துகொண்டு காத்திருப்பவர், வந்ததைக் காணத் தவறுவது புதிதன்று. மெக்சிகோ நாட்டு இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவின் 'கிரிம்சன் பீக்' என்னும் ஆங்கிலப் படத்திற்கு 2015ஆம் ஆண்டில் நேர்ந்தது இதுவே. தாம் எடுத்திருப்பது திகில் படமன்று, காத்திக் மரபில் வந்த காதற்கதை என்று அவர் முன்கூட்டியே சொல்லிவந்தார். விளம்பரம் செய்தவர்களோ ஆவிகளையே முன்னிறுத்தினர். வெளியீட்டு நாளும் அக்டோபர் 16 என அமைந்தது. அக்டோபர் 31 நமக்குச் சீர்திருத்தத் திருநாள். அமெரிக்க இளைஞர்க்கோ அது பேய்வேடம் பூணும் இரவு. அதையொட்டி வரும் படம் அச்சுறுத்தியே ஆகவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஏறத்தாழ ஐந்தரைக் கோடி டாலர் செலவில் உருவான படம் உலகெங்கும் ஈட்டியது ஏழரைக் கோடி அளவே. திரையரங்குகளின் பங்கு போக நோக்கினால் இது வெற்றியாகாது. அஞ்சுவதற்கென்று சென்றவர் அச்சம் போதவில்லை எனக் குறை கூறினர்.

போதகன் ஒருவன் இத்தகைய படத்தைப் பற்றி எழுதுவதா என வினவுவோர் உளர். காத்திக் கதைமரபு குருமனைகளுக்கு அந்நியமானதன்று என்பதே என் விடை. ஹொரேஸ் வால்போல் 1764இன் இறுதியில் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' அம்மரபின் தொடக்கம் எனப்படும். 1820இல் 'மெல்மோத்' நாவலை எழுதிய சார்ல்ஸ் மட்டூரின் டப்ளின் நகரில் குருப்பணி செய்தவர். 1847இல் 'ஜேன் ஐர்' எழுதிய ஷார்லட் பிராண்டி ஒரு குருவானவரின் மகள். அந்நாவலின் நாயகி, இந்தியாவுக்கு மிஷனெரியாகப் புறப்படும் குருவானவரை மணக்க மறுத்து, குற்றமுள்ள ஒருவனிடம் திரும்பிச் செல்கிறாள். (நம் மாணவர் அம்மறுப்பின் காரணங்களை ஒருமுறை நிதானமாக வாசித்தல் நலம்.) பழைய மாளிகை, அதில் மறைக்கப்பட்ட பாவம், அதை அறியாமல் மணம் முடித்து வரும் பெண்: டெல் டோரோ கையாளுவது இந்த முதுசொத்தையே.

அமெரிக்காவின் பஃபலோ நகரச் செல்வர் ஒருவரின் மகள் ஈடித். எழுத்தாளராக விழைபவள். தாமஸ் ஷார்ப் என்னும் ஆங்கிலப் பிரபுவை மணந்து, கம்பர்லாந்துப் பகுதியிலுள்ள அவனுடைய மாளிகைக்கு வருகிறாள். கூரை சிதைந்து பனி உள்ளே பொழியும் அவ்வீடு செங்களிமண் நிலத்தில் சிறிது சிறிதாக அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சுவர்களில் களிமண் கசிகிறது. குளிர்காலத்தில் வெண்பனியும் அம்மண்ணால் சிவக்கிறது. படத்தின் பெயர் அதனால் வந்தது. தாமஸ் முன்னரே மூன்று பெண்களை மணந்தவன். அவர்கள் பொருளைக் கவர்ந்துகொண்டு, அவனும் அவன் தமக்கை லூசிலும் அவர்களைச் சாகடித்தனர். ஈடித்தின் தேநீரிலும் நஞ்சு கலந்திருக்கிறது.

அங்கே உலவும் ஆவிகள் அவளுக்குத் தீங்கு செய்ய வரவில்லை. உருவம் கொடியதே, ஆயினும் அவை வருவது எச்சரிக்க. மாண்ட பெண்களில் ஒருத்தி மெழுகுருளையில் தன் குரலைப் பதிந்து விட்டுச் சென்றிருக்கிறாள், அதுவும் சாட்சியே. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து முறையிடுவதை ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அம்முறையீட்டிற்கு உருவம் கொடுத்தால் எவ்வாறிருக்கும் என்பதை இச்செம்மண்ணில் கண்டேன். அஞ்சக் காத்திருந்த கூட்டத்தார் செவிகொடுக்க மறந்தது இதற்கே.

குறைகள் இல்லாமலில்லை. இயக்குநர் மாளிகையின்மீது கொண்ட அன்பு மாந்தரின்மீது கொண்டதைவிட மிகுதி. டொராண்டோ நகரப் படப்பிடிப்புக் கூடத்தில் மாடிகளோடு மெய்யாகவே எழுப்பப்பட்ட வீடு அது. காமிரா அதை விட்டு நீங்க மனமில்லாமல் சுற்றுகிறது. ஆவி என்பது கடந்த காலத்தின் உருவகமே என்று ஈடித் தொடக்கத்திலேயே விளக்கியும் விடுகிறாள். பிரசங்கத்தின் மூன்று தலைப்புகளையும் முன்னுரையிலேயே சொல்லித் தீர்க்கும் இளம் போதகரை இது நினைவூட்டியது.

ஆனால் என்னை நெடுநாள் உறுத்தியது வேறொன்று. இறுதியில் தாமஸ் ஈடித்தை உண்மையாக நேசிக்கத் தொடங்குகிறான். அதனால் தமக்கையின் கத்திக்கு இரையாகிறான். பின் அவனும் ஆவியாய்த் தோன்றி ஈடித் பிழைக்க உதவுகிறான். அவன் தோன்றும் நிறம் வெண்மை! அவனால் கெடுக்கப்பட்ட பெண்களோ படம் முடியும்வரை செந்நிறமாகவே இருக்கின்றனர். களிமண்ணில் புதையாதவன் ஆதலால் அவன்மேல் மண்ணின் நிறமில்லை எனச் சமாதானம் சொல்லலாம். காண்போர் மனம் அவ்வாறு கணக்கிடுவதில்லை. வெண்மையைக் கழுவப்பட்டவனின் நிறமாகவே கொள்ளும். மூன்று கொலைகளுக்கு உடன்பட்டவன், நான்காமவளிடம் அன்பு பிறந்ததால் வெள்ளாடை பெறுகிறான். அம்மூவரிடமும் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்கள் பெயரைச் சொல்லி அழவுமில்லை. போன்ஹோபர் மலிவுக் கிருபை என்று கண்டித்ததற்கு இதைவிட அழகிய சித்திரம் கிடைப்பது அரிது. அழகாயிருப்பதே அதன் ஆபத்து.

ஆகையால் அவர் பல ஆண்டுகளாக எடுக்க விரும்பிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' வரப்போகிறது என்றபோது நானும் ஆவலோடு காத்திருந்தேன், அச்சத்திற்காக அன்று. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட அந்நாவலில், படைத்தவனும் படைக்கப்பட்டவனும் ஒப்புரவாகாமலே பிரிகின்றனர். மலிவாய் மன்னிப்பவர் அம்முடிவை என் செய்வார் என்பதே என் வினா. படம் 2025 ஆகஸ்டில் வெனிஸ் விழாவிலும், அக்டோபரில் சில திரையரங்குகளிலும், நவம்பரில் நெட்ஃபிளிக்சிலும் வந்தது. இம்முறை விக்டர் மரணப்படுக்கையில் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கிறான், தான் படைத்தவனை மகனே என்கிறான், அவனும் மன்னிக்கிறான். கேட்காமல் பெற்ற தாமஸின் வெண்மையைவிட இது மேலானது. என் கண்களும் கலங்கின. ஆயினும் அதே கதையில், விக்டர் வேறொன்றைக் குறிவைத்துச் சுட்ட குண்டு பாய்ந்து எலிசபெத் மடிந்திருக்கிறாள். தம்பி வில்லியமும் அவ்விரவிலேயே மடிந்தான். கப்பலின் அச்சிற்றறையில் அவ்விருவரிடமும் மன்னிப்புக் கேட்பார் எவருமில்லை.