மீனவர் என்ற பலர்பால் சொல்

தமிழ் இலக்கணப்படி 'மீனவர்' பலர்பால் சொல். ஆணும் பெண்ணும் அதற்குள் அடக்கம். நடைமுறை வேறு. 'மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை' என்று செய்தித்தாளில் படிக்கும்போது நம் மனக்கண்ணில் ஒரு பெண்கூட வருவதில்லை. அவளைக் குறிக்க 'மீனவப் பெண்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லில் அவள் ஒரு மீனவரின் மனைவி, அல்லது மகள். அவள் செய்யும் வேலை அதில் இல்லை. வேலையைச் சொல்லும் 'மீன்காரி' என்ற சொல்லோ வசவாகிவிட்டது. பெண்கள் இரண்டு பேர் உரக்கப் பேசினால் 'மீன்காரி மாதிரி கத்தாதே' என்று அடக்குவது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் உண்டு. படித்தவர் வீடுகளிலும் உண்டு.

ஆங்கிலத்தில் 'ஃபிஷர்மேன்' என்ற சொல்லுக்குள் ஆண் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கிறான். எனவே அவனோடு சண்டை போட முடிந்தது. இந்திய மீனவர்களின் தேசிய அமைப்பு தன் ஆங்கிலப் பெயரிலிருந்த 'ஃபிஷர்மென்' என்பதை எடுத்துவிட்டு 'ஃபிஷ்வொர்க்கர்ஸ்', அதாவது மீன்தொழிலாளர்கள், என்று மாற்றிக்கொண்டது. பிடிப்பவர் மட்டுமல்ல, காயவைப்பவரும் சுமப்பவரும் விற்பவரும் தொழிலாளர்களே என்பதுதான் அந்த மாற்றத்தின் பொருள். தமிழில் அந்தச் சண்டை நடக்கவில்லை. நம் சொல் பார்வைக்கு அப்பாவியாக இருக்கிறது. விலக்கு அதன் வாசலில் இல்லை, உள்ளே இருக்கிறது.

சூழலியல் கொள்கைகளைப் பெண்களின் இயக்கங்கள் உலக அளவில் மாற்றியிருக்கின்றனவா என்று மாணவிகள் கேட்கும்போது, பாடநூல்கள் சிப்கோவையும் கென்யாவின் வங்காரி மாத்தாயையும் எடுத்துக்காட்டும். நம் கரையிலிருந்தே ரோம் வரை போன ஒரு பதில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு 2014 ஜூனில் ஏற்றுக்கொண்ட, சிறு அளவு மீன்பிடித் தொழிலுக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகள்தான் அது. அந்தத் தொழிலுக்கென்றே உருவான முதல் சர்வதேச ஆவணம். அதை இங்கே ஒரு பிரதியாக வாசிக்கிறேன்: அது எப்படி உருவானது, என்ன சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது.

1984-இல் மீன்வள மேலாண்மை குறித்து உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு ரோமில் உலக மாநாடு கூட்டியது. அரசுகளும் வல்லுநர்களும் பேசிய அதே நகரில் மீன்தொழிலாளர்களும் ஆதரவாளர்களும் தனியாக ஒரு மாநாடு நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக, மீன்தொழிலாளர்களை ஆதரிக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு (ஐ.சி.எஸ்.எஃப்.) 1986-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் நளினி நாயக். திருவனந்தபுரம் கடற்கரை ஊர்களில் பெண்களோடு பல பத்தாண்டுகள் வேலை செய்தவர். மீன் கூடையோடு பேருந்தில் ஏற்ற மறுத்ததை எதிர்த்து 1980-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்து மீன் விற்கும் பெண்கள் போராடித் தங்களுக்கென்று தனி வண்டிகள் பெற்றார்கள். உலகக் கொள்கை பற்றிய பேச்சு இப்படித்தான் ஒரு பேருந்துப் படியில் தொடங்கியது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் மாவட்டமும் அந்த ஆட்சிப் பகுதியில்தான் இருந்தது. நீரோடியில் எல்லைக்கோடு போட்டார்கள். கடற்கரை தொடர்ந்து போகிறது, அதில் உழைக்கும் பெண்களின் பாடும் தொடர்ந்து போகிறது.

1989-இல் தேசிய மீன்தொழிலாளர் பேரவை கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் இரண்டு பயணங்களை நடத்தியது. பெண்கள் திரளாகக் கலந்துகொண்டார்கள். மே 1 அன்று இரண்டும் கன்னியாகுமரியில் சந்தித்தன. கூட்டம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தது. நான் கவனிப்பது அந்தப் பயணத்தின் முழக்கத்தை: 'நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம்'. அதில் மீன் இல்லை, படகு இல்லை, டீசல் மானியம் இல்லை. தொழிலைப் பிடிக்கும் கணக்கிலிருந்து விடுவித்து நீரோடும் வீட்டோடும் சேர்த்துப் பார்க்கும் பார்வை அது. குடிநீர்க் குடமும் மீன் கூடையும் ஒரே தலையில் ஏறும் பெண்ணுக்கு அந்தப் பார்வையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1991 பிப்ரவரியில் இந்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. கடற்கரைக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று நடந்து வந்து கேட்ட குரலும் அவற்றில் ஒன்று.

2010 ஜூலையில் மாமல்லபுரத்தில் பல நாட்டு மீன்தொழில் பெண்களும் ஆய்வாளர்களும் கூடி, கடலோரச் சமூகங்களுக்கான பாலின நோக்குள்ள செயல்திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அதன்பின் வழிகாட்டு நெறிகளுக்கான கலந்தாய்வுகள் தொடங்கின. 120-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 4,000-க்கும் அதிகமானோர் அவற்றில் பங்கெடுத்தார்கள். அந்த உழைப்பின் நடுவில் நின்றவர், சென்னையிலிருந்து இயங்கிய ஐ.சி.எஸ்.எஃப்.-இன் செயலாளர் சந்திரிகா சர்மா. 2014 மார்ச் 8 அன்று, உலக மகளிர் நாளில், உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கூட்டத்துக்காக மங்கோலியா போகும் வழியில் காணாமல் போன எம்.எச். 370 மலேசிய விமானத்தில் அவர் இருந்தார். மூன்று மாதம் கழித்து ஆவணம் நிறைவேறியபோது அது அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அரசுகள் கூடி ஏற்கும் ஓர் ஆவணம் ஒரு பெண் செயற்பாட்டாளருக்குக் காணிக்கையாவது அபூர்வம்.

இனி ஆவணத்துக்குள் போவோம். மீன்பிடித் தொழில் என்றால் என்ன என்ற கேள்விக்கு அது தரும் விடைதான் அதன் பெரிய சாதனை. பிடிப்பதற்கு முன், பிடிக்கும்போது, பிடித்த பின் என்று ஆண்களும் பெண்களும் செய்யும் எல்லா வேலைகளும் அதற்குள் வருகின்றன. வலை பின்னுவது தொழில்; கருவாடு போடுவது தொழில்; சந்தையில் உட்கார்ந்து விற்பது தொழில். ஏழாம் பகுதி, பிடித்த பின்னான வேலையில் பெண்களின் பங்கை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு ஏற்ற வசதிகளையும் சேவைகளையும் அரசுகள் தர வேண்டும் என்கிறது. எட்டாம் பகுதி முழுக்கப் பாலின சமத்துவம் பற்றியது. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் டியூக் பல்கலைக்கழகமும் வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனமும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு அளவு மீன்தொழிலில் ஈடுபடுவோரில் பத்தில் நான்கு பேர் பெண்கள். படகில் ஏறுகிறவரை மட்டும் எண்ணியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. சொல்லின் பொருள் விரிந்தது, எண்ணும் விரிந்தது.

நம் இலக்கியத்துக்கு இது புதிய செய்தி அல்ல. நற்றிணையின் 45-ஆம் பாடலில் வரும் பரதவர் மகள், அறுத்துக் காயவைத்த சுறாவைப் பறவைகள் கொத்தாமல் காவல் இருக்கிறாள். நெய்தல் பாடல்கள் பலவற்றில் பெண் செய்யும் வேலை இதுவே. உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் அதைக் காதலுக்கான பின்னணியாகவே வாசித்தோம். கல்பனா ராம் இம்மாவட்டத்து முக்குவப் பெண்களைப் பற்றி எழுதி 1991-இல் வெளிவந்த ஆங்கில நூல், அந்தப் பின்னணியை முன்னுக்குக் கொண்டுவந்தது. பெண்ணைக் கடலிலிருந்து விலக்கி வைக்கும் சமூகம், வீட்டின் கடனையும் வரவுசெலவையும் அவள் கையில்தான் வைத்திருக்கிறது என்று அது காட்டியது.

ஆனால் அதே பாடலில் இன்னொன்றும் இருக்கிறது. பெரிய ஊரிலிருந்து தேரில் வரும் செல்வர் வீட்டு இளைஞனிடம், எங்கள்மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில் என்று தோழி சொல்கிறாள். அங்கே நாற்றம் பெண்களின் கையிலுள்ள ஆயுதம். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிப்பதாகச் சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அங்கேயே நின்று அவர் நியாயம் கேட்ட காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த அதே ஆண்டில் நடந்தது இது. திருவனந்தபுரத்துப் பெண்கள் போராடி நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. ஏழாம் பகுதி எழுதப்பட்டு ஏழு ஆண்டு ஆகியிருந்தது.

இந்த இடத்தில்தான் ஆவணத்தின் மொழி போதாமல் போகிறது. 'பெண்களுக்கு ஏற்ற வசதிகள்' என்ற தொடரில் பேருந்து அடங்கும். பேருந்தில் மூக்கைப் பொத்தும் கை அடங்காது. இங்கே மீன் நாற்றம் என்பது சாதியின் பெயரும்கூட. ஆண் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு ஊருக்குள் போகலாம். பெண் மீனோடுதான் ஊருக்குள் போகிறாள். கரைக்கும் ஊருக்கும் இடையிலுள்ள சாதி எல்லையைத் தினமும் கடப்பது அவள் வேலையின் ஒரு பகுதி. கூலி இல்லாத பகுதி.

இரண்டாவது போதாமை, கரை. மீன்வளக் கொள்கைகள் கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்று கணக்கிடும். மீன் காயும் மணலைக் கணக்கிடுவதில்லை. 70 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் எங்கள் கடற்கரையில் ஒரு பக்கம் கடலரிப்பு, இன்னொரு பக்கம் அதைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். பாறை வீட்டைக் காக்கிறது. கருவாடு போடும் களத்தை எடுத்துக்கொள்கிறது. களம் போனால் அன்று மலிந்த மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் சூழலியல் இழப்பாக எழுதப்படுவதில்லை. பெரிய திட்டங்களுக்கு முன் மக்களோடு பயனுள்ள கலந்தாய்வு நடத்த வேண்டும் என்கிறது ஆவணத்தின் ஐந்தாம் பகுதி. 2016-இல் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தபோது தெருவுக்கு வந்தவர்களில் பெண்கள் ஏராளம். கீழ்மிடாலம் சுற்றுவட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்காக 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்தது. பேச எழுந்த பெண்ணுக்குப் பதில் சொல்வதற்கு மாறாக, கூட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். தன்னார்வ நெறிகள் என்ற தலைப்பிலுள்ள முதல் சொல்லின் விலை இதுதான். ஏற்றுக்கொண்ட அரசை அது எதற்கும் கட்டுப்படுத்தாது.

ஆகவே இதைப் பெண்களின் முழு வெற்றி என்று கொண்டாடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெறும் காகிதம் என்று ஒதுக்கும் தோழர்களோடும் இல்லை. கரையில் நிற்கும் பெண் தொழிலாளி என்பதை உலகின் அரசுகள் ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டன. அதை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் நம் கரையோரத்துப் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு கடற்கரை ஊரின் இழப்பீட்டுப் பட்டியலில் படகும் வலையும் மட்டும் இருந்தால், மீன் காயும் களம் எங்கே என்று கேட்க அந்த ஒப்புதல் உதவும். சந்தை ஏலத்தில், பேருந்து நிலையத்தில், ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் அதை எடுத்து வைக்கலாம். சட்டத்தின் பலம் அதற்கு இல்லை. சாட்சியின் பலம் இருக்கிறது.

தமிழ் படிக்கும் பெண்களுக்கு இதில் தனியாக ஒரு வேலை உண்டு. ரோமில் விரிந்த சொல் தமிழில் இன்னும் விரியவில்லை. 'மீனவர்' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பலர்பாலைப் பலர்பாலாகவே எழுதப் பழக வேண்டும். கூடை சுமப்பவளை மீனவர் என்றே எழுதுவோம். மீனவர்கள் இன்று கடலுக்குப் போகவில்லை என்று செய்தி வந்தால், சந்தைக்குப் போன மீனவர்கள் எத்தனை பேர் என்று கேட்போம்.