அன்றாட வாசிப்பும் எல்லைப்புறத் தமிழும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிறித்தவத் தியான நூல்கள் – ஒரு திறனாய்வு

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அங்கிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை. இந்த வழியிலுள்ள சிற்றூர்க் கிறித்தவ இல்லங்களில் அன்றாட விசுவாசத்தைப் பேணுவதற்கு எந்தெந்த நூல்கள் கையாளப்படுகின்றன, அவை எடுத்த வேலையைச் செய்கின்றனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுகிற நான் கிறித்தவன் அல்லன், தமிழ்ச் சமணன். வந்தவாசிப் பக்கம் சொந்த ஊர். ஆரணி அரிசியை இந்தக் கடைத்தெருக்களில் விற்றே முப்பது வருஷத்துக்கு மேல் காலம் தள்ளியாயிற்று. கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை சாத்திய பிறகு படித்ததுதான் படிப்பு. "அரிசிக் கடைக்காரருக்கு பைபிள் ஆராய்ச்சி எதுக்கு?" என்று யாரும் கேட்கலாம். யாழ்ப்பாணத்துச் சைவரான ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையிருந்து விவிலியத் தமிழைச் செப்பம் செய்தார். போப் பாதிரியார் எங்கள் சமண முனிவர்களின் நாலடியாரை 1893இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒருவர் மறைநூலை மற்றவர் மதிப்போடு படிப்பது தமிழில் புதிய காரியமில்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

அளவுகோல்

எதை நிறுத்தாலும் முதலில் படிக்கல்லைக் காட்டிவிட வேண்டும். சமண இல்லறத்தானுக்கு நாள்தோறும் ஆறு கடமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று சுவாத்தியாயம், அதாவது நூல் ஓதுதல். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இதை ஐந்தாகப் பகுக்கிறது: வாசித்தல், ஐயம் கேட்டல், உள்ளத்தில் அசைபோடுதல், மனப்பாடமாகத் திரும்ப ஓதுதல், பிறருக்கு எடுத்துரைத்தல். இந்த ஐந்தில் எத்தனைக்கு இடம் கொடுக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு தியான நூல் பயனுடையது என்பது என் கருத்து. கோட்பாடு எங்களுடையதாக இருந்தாலும், இதில் கிறித்தவர் மறுக்கத்தக்கது ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லைக்கோடும் புத்தகமும்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் சென்று கிறித்தவத்தை அறிந்து திரும்பியவர். அவர் அழைப்பின் தொடர்ச்சியாக 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியார் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். இலண்டன் மிஷன் வேரூன்றியது. பாறசாலையும் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் உருவான தமிழ்க் கிறித்தவ நூல்களும் பாடல்களுமே இந்த மிஷனின் முதல் சீதனம். பேச்சிலே தமிழும் மலையாளமும் கலந்தே கிடந்தன.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் இயக்கம் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த இப்பகுதிச் சபைகளும் 1959இல் கன்னியாகுமரிப் பேராயம், தென்கேரளப் பேராயம் என இரண்டாயின. கத்தோலிக்கர்க்கு நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம் 1996இலும், பாறசாலை மலங்கரை மறைமாவட்டம் 2017இலும் அமைந்தன.

பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோயில் வழிபாட்டிலும் பெரும்பாலும் மலையாளம். ஆனால் அலமாரியில் இருப்பது பாட்டியின் தமிழ் வேதாகமம். பாட்டிக்கு எழுத்துத் தெரியும், பேத்திக்குத் தெரியாது. பேசினால் இருவருக்கும் புரியும். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை. மும்பையிலும் பெங்களூரிலும் நம் வீட்டு அலமாரிகளின் கதையும் இதுதானே!

வேதாகமத்தின் தமிழ்

இந்த இல்லங்களில் முதல் தியான நூல் வேதாகமமே. சீர்திருத்தச் சபையார் கையில் இன்றும் இருப்பது ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளியான மொழிபெயர்ப்பின் வழிவந்தது. கிருபை, இரட்சிப்பு, நீதிமான், ஸ்தோத்திரம், பரிசுத்தம் என்று வடசொற்கள் நிறைந்தது. இதைப் 'பாதிரித் தமிழ்' என்று தமிழன்பர்கள் எள்ளியதுண்டு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. அருள், மீட்பு, நேர்மையாளர் என்று நல்ல தமிழில் நடக்கிறது. தமிழ்ப் பள்ளியில் படித்தவர் வாசிக்க இதுவே தெளிவு, ஐயமில்லை.

ஆயினும் எல்லைப்புறத்தில் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. மலையாளம் படித்த பேத்திக்குப் பாட்டியின் பழைய 'பாதிரித் தமிழ்'தான் எளிதாகப் புரிகிறது. கிருபையும் இரட்சையும் நீதிமானும் ஸ்தோத்திரமும் மலையாள வேதத்திலும் அதே சொற்கள். ஈற்றில்தான் சிறிது மாற்றம். மாறாக 'மீட்பு' என்றால் விழிக்கிறாள். 'ஆவி' என்ற சொல்லில் பழைய தமிழும் புதிய தமிழும் சேர்ந்தே இடறுகின்றன. மலையாளத்தில் அது இட்டலிப் பானையிலிருந்து வருவது! அங்கே பரிசுத்தாத்மாவு என்றால்தான் சரி.

எங்கள் ஸ்ரீபுராணம் மணிப்பிரவாள நடையில் இருப்பதைப் பற்றியும் இதே குறை சொல்லப்படுவதுண்டு. மொழித் தூய்மை ஒரு நன்மை, மறுக்கவில்லை. ஆனால் வாசிப்பவர் யார், எந்த மண்ணில் இருந்து வாசிக்கிறார் என்று பாராமல் ஒரு மொழிபெயர்ப்பை உயர்வு தாழ்வு சொல்லக் கூடாது என்பதற்கு இவ்வூர்களே சான்று.

தினத்தியானச் சிறுநூல்கள்

நாளுக்கு ஒரு பக்கம்: மேலே ஒரு வசனம், நடுவே ஒரு கதை, கீழே ஒரு சிறு ஜெபம். இந்த அமைப்பு பழையது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊர் மொரேவியச் சகோதரர்கள் 1731 முதல் நாள்தோறும் ஒரு வசனம் என்று அச்சிட்டுவருகிறார்கள். அச்சகோதரர் சிலர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தனர். ஸ்கிரிப்சர் யூனியன் 1879 முதல் தினவாசிப்பு அட்டைகளை வெளியிட்டது. அமெரிக்காவில் 1956இல் தொடங்கிய தினத்தியான வெளியீடு இன்று 'நமது அனுதின மன்னா' என்று தமிழில் கிடைக்கிறது. எல்லை பிரிந்த அதே ஆண்டு என்பது நினைவில் நிற்கும் பொருத்தம்.

இவற்றின் நன்மை பெரிது. இரப்பர் பால் வெட்டப் போகிறவரும் மருத்துவமனைப் பணிக்குப் பேருந்து பிடிக்கிறவரும் ஐந்து நிமிஷத்தில் வாசித்துவிடலாம். வாசித்தலுக்கும், கொஞ்சம் அசைபோடுதலுக்கும் இடம் இருக்கிறது.

குறை இரண்டு. முதலாவது, மொழிபெயர்த்து வரும் பக்கங்களில் கதை நம் ஊரினதாய் இருப்பதில்லை. பனிப்பொழிவில் கார் சிக்கிய கதை, கல்லும் செம்மண்ணும் கலந்த கொல்லையில் மரவள்ளி நடுகிறவருக்கு எவ்வளவு ஒட்டும்? இரண்டாவது குறையே பெரியது: ஐயம் கேட்கும் இடம் இல்லை. கேள்வி எழுமுன் விடை அச்சாகிவிடுகிறது. ஒரு வசனத்தை அதன் முன்பின் இல்லாமல் எடுத்து வைத்தால், அது யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற கேள்வியே வாசகருக்குத் தோன்றாது.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் இதே நிலைதான். அட்டைகளெல்லாம் ஆசீர்வாதம், ஆறுதல், செழிப்பு. தீர்க்கதரிசிகளின் கண்டிப்பு எந்த அட்டையிலும் வந்து நான் பார்க்கவில்லை. நல்ல அரிசியை மேலே பரப்பி விற்கிற வியாபாரம் எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். வேதம் முழுமூட்டையாகக் கிடைக்கும்போது மேலாப்பை மட்டும் எடுத்துக்கொள்வது வாசகருக்கே நட்டம். அட்டை எடுத்தவர் அந்த அதிகாரம் முழுவதையும் அன்றிரவே வாசித்தால் அட்டைக்கும் பெருமை.

இரட்சணிய யாத்திரிகம்

இதற்கு மறுகோடியில் நிற்பது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். 1894இல் இந்நூல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைக் கம்பன் வழியில் ஐந்து பருவங்களாக, 3,700க்கு மேற்பட்ட பாடல்களில் விரித்தார்.

பனியன் பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடும் தொழில் செய்தவர். தொழிலாளிக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதினார். கிருஷ்ண பிள்ளையோ அதையே புலவர் அவைக்கு ஏற்றினார். இதனால் தமிழ்க் காப்பிய மரபுக்குக் கிடைத்த இலாபம் பெரிது. ஆனால் உரையாசிரியர் இல்லாமல் வீட்டில் திறக்க முடியாத நூலாகவும் ஆயிற்று. எங்கள் சீவக சிந்தாமணிக்கும் இந்த நிலைமை உண்டு. ஆயினும் காப்பியத்தின் நடுவே அவர் தேவார முறையில் அமைத்த பதிகங்கள் தனியே நின்று பாடப்படுகின்றன. காப்பியத்தைப் படியாதவர் வாயிலும் அவை வருகின்றன. இது ஏன் என்று எண்ணிப் பார்த்தால் அடுத்த பகுதி விளங்கும்.

பாட்டு கடந்த எல்லை

ஜெர்மன் பாடல்களைப் பப்ரிசியுஸ் போன்றோர் தமிழாக்கிய ஞானப்பாட்டுகள் ஒருபுறம். நம் இராக தாளத்தில் அமைந்த கீர்த்தனைகள் மறுபுறம். கீர்த்தனைக்குத் தலைமகன் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர். குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தவர். நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்தில் அத்தகைய இராகப் பாடல்கள் இயற்றிப் புகழ்பெற்றார். ஒரு இராகம் கேட்டால் இரு மொழியிலும் வாய் சேர்ந்துகொள்ளும்.

அமரவிளைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என் கடையில் சொன்னது: "எழுத்து இப்ப கண்ணுக்குப் பிடிக்கல்ல முதலாளி. பாட்டு மட்டும் போவாது. கொச்சுமோளுக்கும் அதுதான் தெரியும். வாசிக்கச் சொன்னா ஓடிருவா, பாடச் சொன்னா வந்து இருப்பா."

சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் இதை நேரிலே காணலாம். பாட்டி தமிழில் ஒரு அதிகாரம் வாசிக்கிறார், மகன் மலையாளத்தில் ஜெபிக்கிறார், பிள்ளைகள் இரண்டு மொழியிலும் பாடுகிறார்கள். என் அளவுகோலில் மனப்பாடமாக ஓதுதலும் எடுத்துரைத்தலும் இங்கே நிறைவேறுகின்றன. அச்சடித்த சிறுநூல் செய்யாத பாதியை இந்தக் கூடம் செய்கிறது. ஆதலால் தியான நூல்களை எழுதுவோரும் வெளியிடுவோரும் தனி வாசகரை மட்டும் எண்ணாமல் இந்தக் கூடத்தை எண்ணி எழுத வேண்டும். உரக்க வாசிக்கத் தக்க சிறு வாக்கியம், பிள்ளை கேட்கத் தக்க ஒரு கேள்வி, இரு மொழியாருக்கும் பொதுவான சொற்கள், ஒரு பாட்டு – இவ்வளவு இருந்தால் போதும்.

இதில் நமக்கு என்ன?

பாறசாலையிலிருந்து தொலைவில்லாத விளவங்கோட்டுத் தாலுகாவில் சிதறால் மலை இருக்கிறது. திருச்சாரணத்துமலை என்பது பழம்பெயர். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் பழங்கல்வெட்டுகளும் உண்டு. ஒரு காலத்தில் சமணர் கூடிய இடம்; பின்னர் பகவதி கோயிலாயிற்று. உருவங்கள் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் அவற்றைச் சூழ்ந்து வாழ்ந்த வீடுகளில் அந்நெறியின் வாசிப்பு எப்போதோ நின்றுபோனது. கல்லைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு; வீட்டு வாசிப்பைக் காக்க வீட்டாரைத் தவிர வேறு துறை கிடையாது.

எல்லைப்புறக் கிறித்தவர்கள் எழுத்து கைவிட்ட இடத்திலும் குரலால் வாசிப்பைக் காத்துவருகிறார்கள். நம் சங்கக் குடும்பங்கள் எந்தச் சமயத்தவராயினும் இதைப் பின்பற்றலாம். தமிழ் எழுத்துத் தெரியாத பேரப்பிள்ளைக்குத் திருக்குறளோ தேவாரமோ நாலடியாரோ வேதாகமமோ, பெரியவர் ஒருவர் நாளும் ஒரு சிறு பகுதியை உரக்க வாசிக்கட்டும். ஊரில் இருக்கும் பாட்டியானால் கைபேசியில் குரல் பதிந்து அனுப்பலாம். பிள்ளை ஒரு கேள்வியாவது கேட்கட்டும். விடை தெரியாவிட்டால் மறுநாள் தேடிச் சொல்லுங்கள். வாரம் ஒரு பாட்டு மனப்பாடமாகட்டும். கடைசியில் அந்தப் பகுதியைப் பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியிலேயே, இந்தியோ கன்னடமோ மலையாளமோ, திருப்பிச் சொல்லட்டும். "தமிழில் சொன்னால்தான் கேட்பேன்" என்று அதட்ட வேண்டாம். எழுத்துப் பயிற்சியைச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பு பார்த்துக்கொள்ளும். கேட்கும் ஆசை பிள்ளைக்கு வீட்டில்தான் உண்டாக வேண்டும்.