லீ-பௌ: ஆறு தள்ளிவிடும் என்ற நம்பிக்கை

சிறு பாய்மரப் படகுகளின் ஆற்றுப் பந்தயம் பற்றிப் போன வருஷம் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில் 'லீ-பௌ' உத்தி பலன் தரும் என்று என் சிமுலேஷனை வைத்து அடித்துச் சொல்லியிருந்தேன். அது தப்பு. அந்தத் தப்பு எனக்கு மட்டும் உரியது இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. சுமார் 45 டிகிரி விலகி ஒரு பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி மறுபக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். அப்படித் திரும்புவதற்குப் பெயர் 'டாக்'. லீ-பௌ பாடம் என்ன சொல்கிறது? படகு மூக்கின் காற்றுப் படாத பக்கத்தில் நீரோட்டம் வந்து மோதும்படி ஓட்டினால், தண்ணீரே படகைக் காற்று வரும் திசைக்குத் தள்ளிக் கொடுக்கும். அதற்காக மூக்கைக் காற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒடித்தாலும் லாபம்தான். படம் போட்டுக் காட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன்.

ஓடுகிற ரயில் பெட்டிக்குள் இரண்டு பேர் நடைப்போட்டி வைத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் எந்த ஊருக்குப் போனால் அவர்களுக்கு என்ன? ஆறு முழுக்க ஒரே வேகத்தில் ஓடினால் அதுவும் அந்தப் பெட்டி மாதிரிதான். மிதக்கிற படகு தண்ணீரோடு சேர்ந்தே நகர்கிறது. நீரோட்டம் மூக்கில் 'மோதுவது' நங்கூரம் போட்ட படகில்தான் நடக்கும். நீரோட்டத்தால் படகு உணரும் காற்று மாறுவது உண்மை. ஆனால் பக்கத்துப் படகுக்கும் அதே மாற்றம்தானே?

என் கோடில் நடந்ததும் இதே குழப்பம்தான். படகு ஆற்றோடு நகர்வதைக் கூட்டிவிட்டு, அதே நீரோட்டம் மூக்கைத் தள்ளும் விசையையும் தனியாகக் கூட்டியிருந்தேன். ஒரே செலவை இரண்டு தரம் கணக்கெழுதிய மாதிரி. அந்த ஒரு வரியை எடுத்ததும் லாபம் பூஜ்யம். மூக்கை ஒடித்த படகு வேகம் குறைந்து பின்னால் போனதுதான் மிச்சம்.

அப்படின்னா ஆறு ஒரு பொருட்டே இல்லையா? நிச்சயம் உண்டு. ஆனால் காரணம் வேறு. ஆறு எங்கேயும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை.

லண்டனின் தென்மேற்கே சர்பிடனில், தேம்ஸ் கரையில், 1870ல் தொடங்கிய தேம்ஸ் செய்லிங் கிளப் இருக்கிறது. டெடிங்டன் லாக்குக்கு மேலே இருப்பதால் பொதுவாகக் கடல் ஏற்றவற்றம் அங்கே எட்டாது. ஓடுவது ஆற்றின் சொந்த ஓட்டம். நடுவில் வேகம், கரையோரத்தில் மந்தம், வளைவில் வெளிப்பக்கம் வேகம். நடு ஆற்றில் 1 நாட், கரையோரம் அரை நாட் என்று வைத்துக்கொள்வோம். எதிர்நீச்சலில் 6 நிமிஷம் கரையை ஒட்டிப் போன படகு 90 மீட்டருக்கு மேல் மிச்சம் பிடிக்கும். லேசர் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர். அதாவது இருபது படகு நீளத்துக்கும் மேல்!

ஆனால் கரையில் மரம் இருக்கிறது, காற்றை மறைக்கும். தண்ணீர் சாதகமான இடத்தில் காற்று பாதகம். ஆற்றுப் பந்தயத்தின் உண்மையான தலைவலி இந்தப் பேரம்தான். தேம்ஸின் ஏ-ரேட்டர் படகுகளைப் பாருங்கள். சுமார் 27 அடிப் படகுக்கு 40 அடிக்கு மேல் பாய்மரம். மரங்களுக்கு மேலே ஓடும் காற்றைப் பிடிக்கத்தான் அந்த உயரம்.

இதை ஏன் பாடநூல்கள் முன்னால் வைப்பதில்லை? மான்ஃப்ரெட் கரி 1925ல் ஜெர்மனில் எழுதிய புத்தகம் பந்தய உத்திக்கு ஒரு மைல்கல். ஒரு பாய் கெடுத்த காற்று இன்னொரு பாயை எப்படிப் பாதிக்கும் என்று அவர் காட்டியது இன்றும் பயன்படுகிறது. அவர் அம்மர்சே ஏரியில் ஓட்டியவர். ஏரியில் எதிரி இன்னொரு படகு. ஆற்றிலோ கரையும் ஒரு ஆட்டக்காரர். பந்தய விதி 20ன்படி, காற்றை எதிர்த்து ஏறும்போது கரை நெருங்கினால், திரும்ப இடம் கேட்டுக் குரல் கொடுக்கலாம். பக்கத்துப் படகு தானும் திரும்ப வேண்டும், அல்லது "நீ திரும்பு" என்று சொல்லி இடம் விட வேண்டும். கரைக்கும் எதிராளிக்கும் நடுவில் இருப்பவர் எப்போது திரும்பலாம் என்பதைத் தீர்மானிக்கலாம். நான் படித்த கையேடுகளில் இது கடைசிப் பக்கங்களில் ஒரு பத்திதான்.

லீ-பௌ பாடத்தின் மேல் என் குறை இதுதான்: அது ஓட்டுபவரின் கண்ணைச் சொந்தப் படகின் மூக்கிலேயே கட்டிப்போடுகிறது. பார்க்க வேண்டியதோ கரையோரத் தண்ணீரையும் மர உச்சியில் இலை அசைவதையும்.

பழைய குறிப்பை நான் அழிக்கவில்லை. தப்பான வரைபடத்தின் குறுக்கே கோடு போட்டு, கீழே திருத்திய கோடை வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்து, இன்னொரு தப்பு கண்ணில் பட்டால் சொல்லுங்கள்.