கோட்டையும் கணக்கேடும்: மட்டக்களப்புக் கோட்டை பற்றிய ஒரு நோக்கு

கோட்டைகளைப் பற்றி எழுதுவோருட் சிலர் மதில், கொத்தளம், அகழி என அவற்றைப் பகுத்து வருணிப்பதோடு அமைதி காண்பர். வேறு சிலர் அன்னியராட்சியின் சின்னமெனக் கடிந்து ஒதுக்குவர். இவ்விரு நோக்குகளும் முரண்பட்டனபோலத் தோன்றினும், கோட்டை எத்தகைய பொருளாதார உறவுகளைக் காத்து நின்றது என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. மட்டக்களப்புக் கோட்டையை முன்னிறுத்தி அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் இக்கோட்டையைக் கட்டினர். இரு புறம் வாவி, ஏனைய இரு புறம் அகழி, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் என்பது இதன் அமைப்பு. 1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையிலான ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு இதனைக் கைப்பற்றினர். ஐந்து நாள்களின் பின் இங்கு எழுதப்பட்ட உடன்படிக்கை, போர்ச் செலவைக் கறுவா, மிளகு முதலிய விளைபொருள்களால் ஈடுசெய்யுமாறு மன்னனைப் பணித்தது. கைப்பற்றிய கோட்டைகளில் ஒல்லாந்தப் படையை நிறுத்தும் விதியில், மன்னனிடமிருந்த படியிற் காணப்பட்ட ‘மன்னர் விரும்பின்’ என்னும் கருத்துடைய தொடர் ஒல்லாந்தர் படியில் இல்லை. பீரங்கி வென்ற கோட்டையை வணிகக் கம்பனியின் உடைமையாக்கியது எழுத்தே என்பது நமது கருத்து.

பிரெஞ்சு நாட்டுப்புறக் கோட்டைகளின் வரலாறும் இதனைத் தெளிவாக்கும். பீரங்கியும் மைய முடியாட்சியும் வலுப்பெற்றபின் அவற்றின் போர்ப்பயன் குன்றியது. அகழி சூழ்ந்த அரண்கள் பெரிய சாளரங்களும் பூங்காக்களும் கொண்ட மாளிகைகளாயின. வடிவம் மாறிற்று, குடியானவரிடம் வாங்கிய நிலவரி மாறவில்லை. 1789 கோடையில் அம்மாளிகைகளுட் பலவற்றைத் தாக்கிய குடியானவர்கள் பிரபுக்களின் உரிமைப் பதிவேடுகளைத் தேடித் தீயிட்டனர். தமது பகைவன் கல்லில் மட்டுமன்றி ஏட்டிலும் உறைவதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

மட்டக்களப்பில் இருந்தது அத்தகைய பிரபுவன்று. கடல்வழி வந்த வணிகக் கம்பனியும், 1795இன் பின் ஆங்கில அரசுமே. எனினும் மாற்றத்தின் திசை ஒன்றே. பீரங்கியின் தேவை குன்றியபின் கோட்டைக்குள் கச்சேரி அமைந்தது. 1892இல் நீக்கப்படும்வரை நெல்வரி உழவரின் விளைச்சலில் அரசு கேட்ட பங்காக இருந்தது. வருமானம் திரட்டுவது கச்சேரி நிருவாகத்தின் முதற்பணிகளுள் ஒன்று. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலுள்ள களுதாவளையின் உழவனுக்கும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்தவனுக்கும், கோட்டை என்பது கொத்தளமன்று. காணி, வரி, உத்தரவு ஆகியவற்றின் உறைவிடமே.

எனவே இக்கோட்டையைப் பேணுதல் மதிலைச் செப்பனிடுவதோடு முடியும் பணியன்று. அதனுள் எழுதப்பட்ட வரிப்பதிவுகளையும் காணிப்பதிவுகளையும் தேடித் தொகுத்து, ஊர் ஊராகப் பயில வேண்டும். மதிலைக் கட்டுவித்தோர் பெயரை வரலாறு ஏற்கெனவே அறியும். அதன் செலவைத் தம் விளைச்சலாற் சுமந்தோரின் வரலாறே நாம் எழுத வேண்டியது.