பயனைப் பங்கிட்ட நதி: கொலம்பியா உடன்படிக்கையின் நிறையும் குறையும்

எல்லை தாண்டி ஓடும் ஆறுகளில் வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஏற்ற பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் மேற்படுகை நாட்டிலும், அதனால் காக்கப்படும் நகரங்கள் கீழ்ப்படுகை நாட்டிலும் அமைவதால், பிறர் நலனுக்காகத் தன் நிலத்தை மூழ்கடிக்கும் நாட்டுக்கு ஈடாக என்ன கிடைக்கும் என்ற கேள்வியே அணைகளின் கூட்டு மேலாண்மைக்கு முதல் தடையாக நிற்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 1961 ஜனவரியில் கையெழுத்திட்டு, 1964 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொலம்பியா ஆற்று உடன்படிக்கை இக்கேள்விக்குக் கணக்கின் வழியே விடை தேடியது. அதன் நிறையும் குறையும் அந்தக் கணக்கிலிருந்தே பிறந்தவை.

கொலம்பியா வடிநிலத்தின் பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடே கனடாவில் உள்ளதெனினும், மலைகளின் பனிப்பொழிவு மிகுதியால் ஆற்றின் ஆண்டு நீர்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்தே வருகிறது. 1948 மே இறுதியில் பனி விரைந்து உருகியதால் பெருகிய வெள்ளம், ஓரிகனில் போர்ட்லாந்தை ஒட்டியிருந்த வான்போர்ட் நகரை ஒரே நாளில் அழித்து, ஏறத்தாழ 18,000 பேரை வீடிழக்கச் செய்தபோது, எல்லைக்கு வடக்கே நீரைத் தேக்க வேண்டியதன் தேவை வெளிப்படையாயிற்று. உடன்படிக்கையின்படி கனடா டங்கன், ஹியூ கீன்லிசைடு, மைக்கா ஆகிய அணைகளை 1973க்குள் கட்டி, 1.55 கோடி ஏக்கர் அடி, அதாவது சுமார் 675 டி.எம்.சி. கொள்ளளவை உருவாக்கியதோடு, அமெரிக்கா கட்டிய லிபி அணையின் நீர்த்தேக்கம் தன் எல்லைக்குள் பரவவும் இசைந்தது.

இவ்வேற்பாட்டின் முதல் வலிமை, முன்கூட்டியே திட்டமிடுவதில் உள்ளது. குளிர்காலத்தில் மலைகளில் சேர்ந்துள்ள பனியை அளந்து, வரக்கூடிய உருகுநீரைக் கணித்து, அதற்கேற்ப நீர்த்தேக்கங்களை இளவேனிலுக்குள் தாழ்த்தி வெற்றிடம் ஏற்படுத்துவதால், வெள்ளத்தின் உச்சத்தைத் தேக்கங்கள் உள்வாங்கிக்கொள்கின்றன. இரண்டாவது வலிமை, நீரின் அளவைப் பங்கிடாமல் நீரால் விளையும் பயனைப் பங்கிட்டதாகும். தவிர்க்கப்படும் வெள்ளச் சேதத்தின் மதிப்பில் பாதி எனக் கணக்கிடப்பட்ட 6.44 கோடி டாலரை 60 ஆண்டுப் பாதுகாப்புக்காக அமெரிக்கா செலுத்தியது. சீராக வரும் நீரால் அமெரிக்க அணைகள் கூடுதலாகப் பெறும் மின்னாற்றலில் பாதி கனடாவின் உரிமையாயிற்று. ஒரு நாட்டின் ஆதாயம் மற்றொன்றின் இழப்பாக வேண்டியதில்லை என்பதை இது நடைமுறையில் காட்டியது.

எனினும், வெள்ளத் தணிப்பு, மின்சாரம் என்னும் இரண்டு மட்டுமே அக்கணக்கில் இடம்பெற்றன. நீர்த்தேக்கங்களுக்காக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தனர். வளமான விளைநிலங்கள் மூழ்கின. டுனாக்கா, செக்வெபெம்க், சில்க்ஸ் முதலிய பூர்வகுடிகள் கலந்துபேசப்படவே இல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கூலி அணையால் முன்பே தடைப்பட்டிருந்த சால்மன் மீன்களின் மேலாற்றுப் பயணத்தை மீட்கவும் உடன்படிக்கை வழி வகுக்கவில்லை. நன்மை கீழ்ப்படுகை நகரங்களிலும் கருவூலங்களிலும் சேர, சுமை மலைப் பள்ளத்தாக்குகளில் தங்கியது. நாடுகளுக்கிடையே நேர்மையாக அமைந்த பங்கீடு, நாட்டுக்குள் அவ்வாறு அமையவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு 1995இல் கொலம்பியா வடிநில அறக்கட்டளையை நிறுவி, ஆதாயத்தின் ஒரு பகுதியை அவ்வட்டார மக்களுக்குத் திருப்பியது, காலந்தாழ்ந்த திருத்தமே.

மற்றொரு குறை, 1960களின் மதிப்பீடுகள் நெடுங்காலத்துக்கு உறைந்துபோனதாகும். கனடாவுக்குரிய மின்பங்கு உண்மையான பயனைவிட மிகுதி என அமெரிக்கத் தரப்பு முறையிட, தன் பள்ளத்தாக்குகள் ஏற்ற இழப்பு விலையில் சேரவில்லை எனக் கனடியத் தரப்பு வாதிட்டது. முன்பணம் பெற்ற வெள்ளப் பாதுகாப்பு 2024 செப்டம்பரில் முடிவடைய இருந்ததால், அமெரிக்கா முதலில் தன் தேக்கங்களைத் திறம்படப் பயன்படுத்தி, அதன் பிறகே கட்டணத்துடன் கனடாவின் உதவியைக் கோர வேண்டிய விதி நடைமுறைக்கு வர இருந்தது. ஆனால் ‘திறம்படப் பயன்படுத்துதல்’ எவ்வளவு என்பதில் இரு நாடுகளும் உடன்படவில்லை. அவ்வாண்டு ஜூலையில் கொள்கையளவில் இணக்கம் எட்டப்பட்டும், 2025இல் அமெரிக்கா பேச்சுவார்த்தையை நிறுத்திவைத்தது. பனி குறைந்து குளிர்கால மழை பெருகும் சூழலில், இளவேனில் உருகலை மையமாகக் கொண்ட இயக்க விதிகளும் மறுபரிசீலனைக்கு உரியனவாகின்றன.

அணைகளில் பெருமுதலிட நீண்டகால உறுதி தேவை என்பதால் 60 ஆண்டுக் கட்டமைப்பை முற்றிலும் தவறெனக் கூற இயலாது. ஆனால் முதலீட்டுக்குரிய உறுதியையும் அன்றாட இயக்க விதிகளையும் ஒரே காலக்கெடுவில் கட்டியது தவிர்த்திருக்கக்கூடிய பிழை. கொலம்பியாவை முன்மாதிரியாகக் கொள்ளும் நாடுகள் பயன்பங்கீட்டை நெடுங்காலத்துக்கு உறுதிசெய்து, இயக்க விதிகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தவும், ஆற்றங்கரை மக்களும் ஆற்று உயிர்களும் கணக்கில் சேரவும் இடம் வைத்தால் மட்டுமே கூட்டு மேலாண்மை அதன் பெயருக்கு ஏற்றதாகும்.