அக்கரையில் லினக்ஸ்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாததாக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மேசைக் கணினிகள் பலவற்றுக்கு இந்தத் தகுதி கிடையாது. யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றைக் கடந்து, தன்லினையும் தாண்டி இருக்கிற கியாக்தானுக்கும், இத்தகைய கணினிகளுக்கு எங்கும் சொல்லப்படும் அதே யோசனைதான் வந்து சேர்ந்தது: லினக்ஸ் போட்டுவிடுங்கள், பழைய கணினி இன்னும் ஐந்து வருடம் உழைக்கும்.

யோசனையில் குறையில்லை. அதை நிறைவேற்றும் முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. விவரம் தெரிந்த தம்பி ஒருவர் பென்டிரைவோடு வருகிறார். ஒரு மணி நேரத்தில் சிஸ்டம் தயார். படம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஏதாவது கோளாறு வந்தால் பிழைச் செய்தியை இணையத்தில் தேடு, யாரோ சொன்ன கட்டளையை எடுத்து டெர்மினலில் ஒட்டு, சரியாகவில்லையா, அடுத்ததை ஒட்டு. உலகம் முழுக்க மேசை லினக்ஸ் இப்படித்தான் பராமரிக்கப்படுகிறது. மின்சாரமும் இணையமும் நிற்காத ஊரில் பிறந்த பழக்கம் இது. இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின், மார்ச் நடுவில் கைபேசி இணையமும் ஏப்ரல் தொடக்கத்தில் வயர்லெஸ் பிராட்பேண்டும் நிறுத்தப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. தேடிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அமைத்த கணினி, தேட முடியாத நாளில் வெறும் பெட்டி.

லினக்ஸின் பலம் எங்கே இருக்கிறது என்பதை மின்வெட்டே காட்டிக்கொடுக்கும். ஒரு கோப்பைச் சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போனது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு, தான் செய்யப்போவதை முதலில் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டு பிறகுதான் செய்கிறது. மின்சாரம் திரும்பியதும் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும். எப்போதாவது ஒருமுறை அதுவும் போதாமல் போகும். அப்போது கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், பக்கத்தில் ஒரு கர்சர், அவ்வளவுதான். பார்ப்பவர் கணினி செத்துவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் அது உதவி கேட்டுக் காத்திருக்கிறது. அதற்குச் சற்று மேலேயே எந்தப் பகிர்வில் கோளாறு, எந்தச் சோதனையைக் கையால் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். எஃப்எஸ்சிகே என்ற கட்டளையோடு அந்தப் பகிர்வின் பெயரைத் தட்டி, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று சொல்லி, மறுபடி இயக்கினால் பெரும்பாலும் பழைய மேசை அப்படியே வந்து நிற்கும். புதுப்பித்தலுக்கு நடுவில் மின்சாரம் போனாலும் இதே கதைதான். 'டிபிகேஜி தடைப்பட்டது, இந்தக் கட்டளையைக் கொடு' என்று மருந்தின் பெயரையும் சேர்த்தே சொல்கிறது அந்தச் செய்தி. நோய் இன்னது என்று தானே வாய் திறந்து சொல்லும் இயங்குதளம் என்பதுதான் என் கணக்கில் லினக்ஸின் முதல் சிறப்பு. உரிமக் கட்டணம் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆனால் அந்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்துச் சொல்ல ஆளில்லாத வீட்டில் கணினி கடைக்குப் போகிறது. கடையில் ஃபார்மட் அடித்து உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருகிறார்கள். ஐந்து நிமிடச் சோதனையில் மீண்டிருக்க வேண்டிய பிள்ளைகளின் படங்களும் கோயில் கணக்கும் அதோடு போய்விடுகின்றன.

கட்டளையை ஒட்டும் பழக்கத்தின் ஆபத்துக்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. மதர்போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி ஒன்று இருக்கிறது. கணினி நின்றிருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அந்த பேட்டரி செலவாகாது. மின்சாரம் இல்லாத நேரம் முழுவதும் கடிகாரம் அதைத்தான் தின்கிறது. மணிக்கணக்கில் மின்வெட்டு இருக்கும் ஊரில், ஏற்கெனவே பழையதான பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். கணினியின் தேதி பின்னால் போய்விடும். அப்புறம் தொடங்குகிறது கூத்து. உலாவி எந்தத் தளத்தையும் பாதுகாப்பானது என்று ஏற்காது, ஏனென்றால் அதன் கணக்கில் அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. புதுப்பிக்கப் போனால், மென்பொருள் களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகவில்லை என்று, பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி மறுக்கும். இந்தச் செய்தியைத் தேடினால் கிடைக்கும் தீர்வுகளில் ஒன்று, தேதியைச் சரிபார்க்கும் வேலையையே நிறுத்திவிடு என்கிறது. ஒட்டினால் வேலை செய்யும். செய்த கையோடு, பழைய களஞ்சியத்தை யாராவது புதியது என்று ஏமாற்றித் தந்தால் கண்டுபிடிக்கும் காவலும் போய்விடும். கோளாறு பேட்டரியில், அறுவை காவலுக்கு. இணையம் ஒழுங்காக இருக்கும் ஊரில் நேரத்தை வலையிலிருந்து பெற்று கணினி தானே திருத்திக்கொள்வதால், அங்கே இந்தக் கோளாறு இந்த முகத்தோடு வெளியே வருவதே அரிது. அந்த ஊர்க்காரர் எழுதிய தீர்வு நமக்குப் பொருந்தாததில் வியப்பில்லை.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். மியான்மர் நேரம் உலக நேரத்தைவிட ஆறரை மணி முந்தியது. அதனால் விண்டோஸுக்குள் போனால் சரியாக ஆறரை மணி பின்தங்கி நிற்கும். அந்த ஆறரையைக் கண்டால் பேட்டரியைக் குறை சொல்லக் கூடாது. கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வைஃபையும் பிரிண்டரும் பழைய சண்டைகள். பிராட்காம் வைஃபை சில்லுகள் சிலவற்றுக்குத் தேவையான ஃபர்ம்வேர் இணையத்திலிருந்துதான் வர வேண்டும். இணையமோ அந்த ஃபர்ம்வேர் வந்தால்தான் வரும். டெபியன் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேரையும் நிறுவும் வட்டில் சேர்க்க முடிவெடுத்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கொள்கையில் பிடிவாதமானவர்களுக்கு அது வருத்தம்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய கதவு. அப்போதும் அடம்பிடிக்கும் சில்லுக்கு, ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுவதே சுருக்கமான வழி.

பிரிண்டரில் எச்பி லேசர்ஜெட் 1020ஐ மட்டும் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குத் தன் ஃபர்ம்வேரை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினி அதை அனுப்பியாக வேண்டும். லினக்ஸில் அதற்கு எச்பிலிப் என்ற மென்பொருளும் அதோடு தனியாக இறக்க வேண்டிய ஒரு செருகலும் வேண்டும். செருகலை முதல் நாளே இறக்கி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத் திருவிழா அழைப்பிதழை அச்சடிக்கும் நாளில் தெரிந்துகொள்ள நேரும்.

எழுத்துருக்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இந்த வட்டாரத்துப் பீலிக்கான் கோயிலின் தீமிதி அழைப்பிதழை எடுத்துக்கொண்டால், தமிழும் பர்மியமும் ஒரே தாளில் வர வேண்டும். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆன பிறகு, பர்மாவில் தமிழ் பெரும்பாலும் கோயில் வளாகங்களிலும் வீடுகளிலும்தான் பிழைத்துக் கிடக்கிறது. அதனால் கணினியில் தமிழ் சரியாக வருவது எங்களுக்கு அலங்காரம் அல்ல. அந்த வகையில் லினக்ஸ் நம்பிக்கையான துணை. தமிழ்99 விசைப்பலகை, நோட்டோ, லோகித் எழுத்துருக்கள், பர்மியத்துக்குப் படாவுக் எல்லாம் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. எதையும் காசு கொடுத்தோ திருடியோ வாங்க வேண்டாம்.

சிக்கல் பழைய கோப்புகளில். தமிழில் பாமினி, பர்மியத்தில் ஸாஜி. இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணி ஒரே மருந்து கொடுக்கிறார்கள், அது தவறு. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவைப் போட்டால் சரியாகிவிடும். யுனிகோட் தமிழுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஸாஜி அப்படியல்ல. அது யுனிகோடில் பர்மியத்துக்கென்று ஒதுக்கிய இடங்களிலேயே உட்கார்ந்துகொண்டு, அவற்றை வேறு முறையில் பயன்படுத்துகிறது. மொன், ஷான், கரென் எழுத்துகளுக்கு உரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே பழைய கடிதத்தைப் படிப்பதற்காக ஸாஜியைக் கணினியின் முதன்மைப் பர்மிய எழுத்துருவாக வைத்தால், புதிதாக வரும் யுனிகோட் எழுத்தெல்லாம் உருக்குலைந்து தெரியும். 2019 அக்டோபர் 1 முதல் நாடே அதிகாரபூர்வமாக யுனிகோடுக்கு மாறிய பிறகு, எழுத்துருவைச் சேர்க்கும் வைத்தியம் பின்னோக்கி நடப்பதாகும். ராபிட் போன்ற மாற்றியில் பழைய கோப்புகளை ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுவதுதான் சரி. சலிப்பான வேலை, ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும். நிறுவ வருகிற தம்பிமார் இதைத் தங்கள் வேலையாக எண்ணுவதே இல்லை. சிஸ்டம் போடுவது என்றால் அந்த வீட்டின் எழுத்தையும் சேர்த்துக் குடியேற்றுவது என்று நான் நினைக்கிறேன்.

லினக்ஸை நம்பிக் கெட்டவர்களும் உண்டு, நம்பி வாழ்ந்தவர்களும் உண்டு. வாழ்ந்ததற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற நிறுவனமாக இருக்கும் அமைப்பு, பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாற்றியது. 2019இல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்குத் தன் சொந்த உபுண்டுப் பதிப்பைத் தந்தபோது, உரிமத்தில் மட்டும் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தார்கள். பணக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எல்லாப் பள்ளியிலும் ஒரே பதிப்பு, அதைக் கற்றுத்தேர்ந்த ஆசிரியர்கள், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மாஸ்டர் டிரெய்னர்கள். ஒரு பள்ளியில் தீர்த்த கோளாறு அடுத்த பள்ளியிலும் அதே வடிவில் வரும், அதே கையால் தீரும். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. மென்பொருள் கைக்கு வந்தது. பக்கத்தில் நின்று பழக்க கேரளம் போல ஒரு படை வரவில்லை.

கியாக்தானில் நாம் செய்வதோ இரண்டையும்விட மோசம். ஒரு வீட்டில் உபுண்டு, அடுத்த வீட்டில் மின்ட், மூன்றாவது வீட்டில் அந்தத் தம்பி போன வாரம் எங்கோ பார்த்து ஆசைப்பட்ட ஏதோ ஒன்று. நிறுவுபவரின் ரசனை வீட்டுக்காரரின் தலையில் விடிகிறது. ஊருக்கு ஒரு பதிப்பு போதும். என்னைக் கேட்டால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, அல்லது டெபியன் ஸ்டேபிள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸையே ஸ்னாப் பொதியாகத் தருகிறது. பழைய ஹார்டு டிஸ்கில் அது திறக்கும் நேரத்தில் பொறுமை போய்விடும், பதிவிறக்கத்துக்கு டேட்டாவும் போய்விடும். மின்ட் ஸ்னாப்பை ஒதுக்கி வைத்திருக்கிறது. டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் அதில் கூடவே வருகிறது: எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் ஒரு பிரதி எடுத்து வைத்தால், கெட்ட நாளில் அந்த நிலைக்கே திரும்பலாம். அது காப்பது சிஸ்டத்தை. நம் கோப்புகளை வேறு வட்டில் தனியே எடுத்து வைத்தாக வேண்டும்.

உபுண்டு 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் சிடி அனுப்பிவந்தது. இணையம் எங்கும் வந்துவிட்டது என்ற எண்ணம் வலுத்த காலத்தில் அந்தச் சேவை நின்றது. அந்த இடத்தை ஊர்க்காரர்கள்தான் நிரப்ப வேண்டும். ஏபிடி-ஆஃப்லைன் என்று டெபியனிலேயே ஒரு கருவி இருக்கிறது. இணையமில்லாத கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று அது ஒரு சிறு கோப்பில் எழுதித்தரும். அந்தக் கோப்பை யாங்கோனுக்கு வேலைக்குப் போகிற யாராவது பென்டிரைவில் கொண்டுபோய், இணையம் உள்ள கணினியில் கொடுத்தால் பொதிகள் மொத்தமாக இறங்கும். மாலையில் கொண்டுவந்து இங்கே நிறுவலாம். வேகமில்லாத வழி, நம்பகமான வழி. அதே பென்டிரைவில் டெபியன் கையேட்டையும் து. நித்யா எழுதி கணியம் இலவசமாக வெளியிட்ட எளிய தமிழில் குனு லினக்ஸ் நூலையும் போட்டுவைக்கலாம்.

எல்லாக் கணினியையும் காப்பாற்ற முடியும் என்று வாக்குக் கொடுப்பதும் நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32-பிட் கணினிகளுக்கு நிறுவும் வட்டு தரவில்லை. உபுண்டு 2017லேயே அந்தப் பக்கம் கதவை மூடிவிட்டது. 32-பிட் செயலியும் ஒரு ஜிபி நினைவகமும் உள்ள பெட்டியில் எதையாவது போட்டு ஓடவைத்துவிடலாம். இன்றைய உலாவியை அதில் திறந்து வேலை பார்க்க முடியாது. அதை இணையத்தில் சேர்க்காமல் கோயில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் தமிழ்99 தட்டிப் பழகக் கொடுக்கலாம். வாங்கியவரிடம் அதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும்.

நிறுவிக் கொடுப்பவர் கிளம்பும் முன் மானிட்டருக்கு அருகே ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, கடவுச்சொல் யாரிடம், ரூட் பகிர்வின் பெயர், பேட்டரி எப்போது மாற்றியது, பிரிண்டர் செருகல் எந்த வட்டில், இனிட்ராம்எஃப்எஸ் திரை வந்தால் தட்ட வேண்டிய வரி. தமிழிலும் பர்மியத்திலும் எழுதலாம். கட்டளையை மட்டும் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு இடைவெளியும் தெரிய, பெரிதாக. பிறகு யார் வந்து என்ன கட்டளை ஒட்டினாலும், ஒட்டியதை அந்த நோட்டில் தேதியோடு எழுதாமல் போகக் கூடாது.