கலங்கிய புள்ளியும் தெளிந்த புள்ளியும்

பாக்டீரியாவினுள் புகுந்து பெருகி, அதன் உடலை உடைத்துக்கொண்டு வெளிவரும் வைரஸுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்றும், சுருக்கமாக ஃபேஜ் என்றும் பெயர். இத்தகைய ஃபேஜ்களை மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையை, ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல்லும் 2008இல் தொடங்கப்பட்ட சீ-ஃபேஜஸ் திட்டத்தின் வழியே கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் இளம் மாணவர்களிடம் ஒப்படைத்தனர். விடை தெரிந்த சோதனையைத் திரும்பச் செய்துகாட்டும் பாடமன்று இது. மாணவர் கண்டெடுக்கும் ஃபேஜ் பெரும்பாலும் அதுவரை எவரும் அறியாதது, அதற்குப் பெயரிடும் உரிமையும் அவருடையதே.

மண்ணைக் கரைத்த நீரை, பாக்டீரியாவைத் தடுத்து ஃபேஜை மட்டும் விடும் 0.22 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் செலுத்தி, காசநோய்க் கிருமிக்கு உறவாயினும் பொதுவாகத் தீங்கற்ற மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்னும் பாக்டீரியாவுடன் கலப்பர். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் உறைபொருளை இளக்கி, அதில் இக்கலவையைச் சேர்த்து, கெட்டியான அகர்த் தட்டின்மேல் ஊற்றுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. தயங்கினால் அகர் குழாயிலேயே கட்டிதட்டிவிடும், வேகமாகச் சாய்த்தால் காற்றுக் குமிழி தங்கிவிடும். ஓரிரு நாளில் பாக்டீரியா தட்டெங்கும் ஆடை படர்ந்தாற்போல் வளர, ஃபேஜ் விழுந்த இடம் மட்டும் வட்டமாக வெளிறி நிற்கும், இதுவே பிளேக். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குமிழியின் கூரிய விளிம்பையும் பிளேக்கின் மங்கும் விளிம்பையும் பிரித்தறியக் கண் பழகுவதிலிருந்து இக்கலையின் சுவை தொடங்குகிறது.

கண்டெடுத்த நாளின் பரவசத்தையே பலரும் கொண்டாடினாலும், இத்தொழிலின் அழகு முழுவதும் அதன்பின் வரும் தூய்மையாக்கலில்தான் உள்ளது. ஒரு பிளேக்கை உறிஞ்சுகுழலின் நுனியால் தொட்டெடுத்து, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று எனப் படிப்படியாக நீர்த்து, மறுபடி தட்டில் ஊற்றி, தனித்து நிற்கும் ஒன்றைத் தேர்ந்து, பிளேக்குகள் அனைத்தும் ஒரே சாயலில் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு சுற்றைச் சோம்பலால் தாண்டினால், இரு ஃபேஜ்கள் ஒரே பெயரில் ஒளிந்துகொண்டு, பின்னர் எடுக்கும் டிஎன்ஏ வரிசை முழுவதையும் குழப்பிவிடும்.

பிளேக்கின் தோற்றம் ஃபேஜின் குணத்தையும் சொல்கிறது. தெளிந்த புள்ளி, தொட்ட பாக்டீரியாவையெல்லாம் கொல்லும் ஃபேஜுக்கு உரியது. கலங்கிய புள்ளியோ, சில பாக்டீரியாக்களினுள் ஃபேஜ் தன் டிஎன்ஏவைச் செருகிவிட்டு, பெருக்கத்தை அடக்கும் ஒரு மரபணுவின் காவலில் உறங்குவதையும், அப்பாக்டீரியாக்கள் பிழைத்து வளர்வதையும் பெரும்பாலும் காட்டுகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தலையும் நீண்ட வாலும் தெரியும் முன்பே, இவ்வளவும் வெறுங்கண்ணுக்குக் கிட்டிவிடுகிறது.

2010இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து எடுத்த ஃபேஜுக்கு மடி என்று பெயரிட்டார். மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் கிருமியால் தாக்குண்ட, நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்ட 15 வயதுச் சிறுமிக்கு லண்டனில் அளிக்கப்பட்ட மூன்று ஃபேஜ்களின் கலவையில் மடியும் ஒன்று. சிறுமியின் உடல்நிலை தேறியதை 2019இல் வெளியான ஆய்வுக்கட்டுரை பதிவுசெய்தது. மடி இயல்பிலேயே கொல்லும் வகை. மற்ற இரண்டும், பிபிஎஸ், ஸோயிஜே என்பவை, உறங்கும் வகையைச் சேர்ந்தவையாதலால், அடக்கும் மரபணுவை வெட்டி நீக்கிய பிறகே கலவையில் சேர்க்கப்பட்டன.